நாலாம் ஆள் பாட்டுக்குச் சான்று

மதிப்பாய்வுப் பக்கத்தில் அவர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். "இப்பாடல் பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தொழிலாளியின் நினைவாக எழுதப்பட்டது என்ற வரிக்குச் சான்று என்ன?"

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அச்சகத்தின் பின்பக்கம், வெட்டிப்போட்ட தாள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தேன். ஒரு கையில் சோறு, மறு கையில் போன். படித்ததும் வாளியை மூடிவிட்டேன். கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. அந்தத் தொழிலாளி என் அண்ணன் என்பது அவருக்கும் தெரியாது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் நான் சில வருடங்களாகத் திருத்தி வருகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். பெரிய தாளில் அச்சாகி வரும் காலண்டர் படம், பட்டாசு லேபிள், நோட்டு அட்டை எல்லாவற்றையும் அளவுக்கு வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை காலண்டருக்கு ஒரு கோயிலைப் பற்றிய குறிப்பு வந்தது. கோயில் எந்த ஊருக்குப் பக்கத்தில் என்பது தப்பாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டுப் போனில் தேடினேன். கலைக்களஞ்சியத்திலும் அதே தப்பு. மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தலாமா, அழுத்தினால் யாராவது கேட்பார்களா, போலீஸ் கேஸ் ஆகுமா என்றெல்லாம் யோசித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஊர் மாறியது, அவ்வளவுதான்.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கட்டிங் மிஷினில் கத்தியை இறக்குவதற்கு முன்பு தாளைப் பார்த்து, அளவைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்ப்பேன். "மிஷின்ல நிக்கிறவனுக்குப் பயம் வேணும்லே. ஆனா உனக்கு இருக்கிறது நாலு பேருக்குக் காணும்" என்பார் ஃபோர்மேன் அண்ணாச்சி. அவருக்கு என்ன, கத்தி இறங்கிய பிறகு தாளை ஒட்ட முடியாது என்பது எனக்கல்லவா தெரியும். கலைக்களஞ்சியத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்: நாம் எதை வெட்டினாலும் அது பக்கத்தின் வரலாற்றில் அப்படியே கிடக்கும். யாராவது வந்து பழையபடி எடுத்து வைத்துவிடலாம். என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிட ஆறுதலான இடம் கிடையாது.

அந்தப் பாட்டுக் கட்டுரையைத் தொடங்கியவன் நான் இல்லை. யாரோ நாலு வரி எழுதிப் போட்டிருந்தார்கள். சாத்தூர்த் தேவாலயத்து இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து, எலெக்ட்ரிக் கிதார், டிரம் என்று வைத்துக்கொண்டு பாடிய கிறிஸ்தவ ராக் பாட்டு அது. சிடியில் வந்தது. பெயர் வேறு, எங்கள் பக்கத்தில் 'நாலாம் ஆள் பாட்டு' என்றால்தான் தெரியும். அவர்களுடைய வேதத்தில் வரும் ஒரு கதையை வைத்துக் கட்டியது. சிலையைக் கும்பிட மறுத்த மூன்று பேரை ராஜா எரிகிற சூளையில் போடுகிறான். எட்டிப் பார்த்தால் உள்ளே நாலு பேர் நடமாடுகிறார்கள். அந்த நாலாவது ஆள் கடவுள் அனுப்பியவர்.

பட்டாசு ஆபீஸில், ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. வெடிக்கிறது என்றால் நாலு பேரோடு போகட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். என் அண்ணன் இருந்த அறையிலும் நாலு பேர். பல வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில் அறை எரிந்தபோது மூன்று பேர் வெளியே ஓடி வந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் சாத்தூர்த் தேவாலயத்தைச் சேர்ந்தவர். அங்கே ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அண்ணன் மனைவி, என் மதினி, கைப்பிள்ளையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் பேசியவர், இந்தப் பாட்டு திரும்பி வராத அந்த நாலாவது ஆளுக்காக உருவானது என்று சொல்ல, இளைஞர்கள் நாலு பேரும் மேடையேறிப் பாடினார்கள்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பாட்டு. நாங்கள் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் திதி அன்று படையல் முடிந்ததும் மதினி அந்தப் பாட்டைப் போடச் சொல்வார்கள். பிள்ளை வளர்ந்து விருதுநகரில் கல்லூரிக்குப் போனதும், போனில் அந்தக் கட்டுரையைக் கண்டுபிடித்தாள். அப்பாவைப் பார்த்த ஞாபகமே இல்லாத பிள்ளை. உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய விஷயம். திதிக்குத் திதி அதைச் சத்தமாக வாசிப்பாள். மதினி கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். போன வருடம் வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சித்தப்பா, மேல ஒரு மஞ்சப் பட்டை இருக்கே, போதிய சான்று இல்லைன்னு. அசிங்கமா இருக்கு. நீங்க எடுக்க முடியாதா?"

"எடுக்கலாமே" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

கட்டுரையைக் கையில் எடுத்தேன். முதலில் அடைமொழிகளைக் களைந்தேன். 'மெய்சிலிர்க்க வைக்கும்', 'காலத்தால் அழியாத' எல்லாம் போயின. யாருக்குச் சிலிர்த்தது என்று கேட்டால் சொல்ல முடிய வேண்டும், இல்லாவிட்டால் எழுதக் கூடாது. இசை என்று ஒரு பகுதி சேர்த்தேன். கிதாரின் அந்தக் கரகரப்பு ஒலியை எப்படி எழுதுவது என்று பல நாள் திண்டாடினேன். பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்றைக் கவனித்தேன்: முதல் சரணம் முழுக்க டிரம் கிடையாது, இரண்டாவது சரணத்தில்தான் திடுதிப்பென்று வந்து சேர்கிறது. அதையும் எழுதினேன். தேவாலயத்துக்குள் டிரம் அடிக்கலாமா என்று அப்போது சில பெரியவர்கள் முகம் சுளித்ததற்கு ஒரு பழைய பேட்டி கிடைத்தது. அதைப் போட்டேன். வெளியான ஆண்டுக்குச் சிடி அட்டை இருந்தது. யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அட்டையில் இருந்தது அண்ணன் இறந்த அதே ஆண்டு. எல்லாம் பொருந்தியது. கட்டுரையைத் தர மதிப்பாய்வுக்கு முன்வைத்தேன். தேறினால் மூலையில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். பிள்ளை பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

மதிப்பாய்வாளர் தன்மையான ஆள். ஒவ்வொரு பத்தியாக வந்தார். 'ராக் என வகைப்படுத்தியது யார்?' என்று கேட்டார், காட்டினேன். 'முன்னுரை கட்டுரையின் சுருக்கமாக இருக்கட்டும்' என்றார், மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் 'நன்றி, சரியாக உள்ளது' என்று எழுதுவார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பஸ் ஏறினேன். பாடியவர் இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பவர். என் வயதுதான் இருக்கும்.

"வாங்க அண்ணாச்சி. செட்டு என்னைக்கு வேணும்?"

"செட்டு வேண்டாம். நாலாம் ஆள் பாட்டைப் பத்திக் கேக்கணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னுமா அத ஞாபகம் வச்சிருக்கீக. உக்காருங்க."

கலைக்களஞ்சியம், மதிப்பாய்வு எல்லாம் சொன்னேன். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. பாட்டு எப்படிப் பிறந்தது என்று மட்டும் கேட்டேன்.

"அத எழுதுனா உங்க கட்டுரை கெட்டுப் போகும்" என்று ஆரம்பித்தார். "எங்க டிரம்முக்காரன் மல்லாங்கிணத்துக்காரன். சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்ல. பஸ்ஸு கிடைக்கலம்பான், மாடு கன்னு போட்டுச்சும்பான். நாங்க மூணு பேரும் கோயிலுக்குப் பின்னால உக்காந்து, நாலாம் ஆளு வருவாரு, நாலாம் ஆளு வருவாருன்னு கிண்டலாப் பாடிக்கிட்டே கிடப்போம். பாடப் பாட ராகம் நல்லா உக்காந்துருச்சு. அப்புறந்தான் சூளைக் கதைய அதுல ஏத்துனோம். பாதிரியாரு கேட்டா மரியாதையாச் சொல்லணும்ல?"

"முதச் சரணத்துல டிரம் இல்லையே?"

"அட, அதக் கவனிச்சீகளா. ரெக்கார்டிங்குக்கும் லேட்டாத்தான் வந்தான். மதுரையில ஸ்டூடியோக்காரரு மணிக்கணக்குக்குக் காசு வாங்குறவரு, காத்திருக்க மாட்டாரு. நீங்க ஆரம்பிங்கன்னுட்டாரு. வந்து பாதியில சேந்தான். கேட்டா நல்லாத்தான இருக்குன்னு அப்படியே விட்டுட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"விபத்துக்காக எழுதுனதுன்னு சொல்றாகளே."

அவர் முகம் மாறியது. கடைக்கு முன்னால் நின்ற ஆட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தக் கூட்டத்துல பாடுனோம். பேசுனவரு மைக்குல அப்படிச் சொல்லிட்டாரு. எறங்கி வந்து இல்லைன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். முன்னால ஒரு பொம்பள கைப்பிள்ளையோட உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக. அவுக முன்னால எப்படி அண்ணாச்சி இல்லைங்கிறது?"

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "ஆனா சிடி அட்டையில அந்த வருஷம்தான போட்டிருக்கு? கூட்டத்துக்கு அப்புறம்தான வந்திருக்கும்?"

அவர் உள்ளே போய் ஒரு சிடியைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். உறையிலிருந்து அட்டையை உருவிக் கையில் வாங்கினேன். என் கண் எழுத்துக்குப் போகவில்லை. பழக்கம், வெட்டு விளிம்புக்குத்தான் போனது. வலது ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு நீலக் கோடு. வெட்டியவன் அவசரக்காரன், கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கிறான். அந்த நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். முருகன் காலண்டரில் மயில் கழுத்துக்கு ஓடும் நீலம்.

இதை அச்சகம் அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சின்ன வேலைகளுக்கென்று தனியாக மிஷின் ஓட்ட மாட்டார்கள். பெரிய தாளில் காலண்டர் படம் போக மிச்சமிருக்கும் வெள்ளையில் விசிட்டிங் கார்டு, அட்டை என்று எதையாவது சேர்த்து ஓட்டிவிடுவார்கள். கிறிஸ்தவப் பாட்டின் அட்டை முருகனுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அப்படியென்றால் அது காலண்டர் சீசனில் அடித்த வேலை. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்துவிட்டால் மார்கழி முடியும் வரைக்கும் சிவகாசி அச்சகங்களில் நடப்பு வருடம் என்று ஒன்று கிடையாது. பிளேட்டில், புரூஃபில், பேச்சில் எல்லாமே அடுத்த வருடம். கை தானாகவே அதைத்தான் போடும். கார்த்திகையில் கல்யாணம் வைத்தவர்களுக்கு அடுத்த வருடம் போட்டுப் பத்திரிகை அடித்துக் கொடுத்து, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எல்லா அச்சகத்திலும் உண்டு.

"வருஷம் தப்பு" என்றேன்.

"தப்புத்தான். அப்பவே கேட்டோம். அதுக்கு அச்சகத்து ஆளு, ஊருபூரா அடுத்த வருஷம் ஓடுது, உங்களுக்கு மட்டும் என்ன இந்த வருஷம்னு கேட்டாரு. சரி, பழசாத் தெரியாதுன்னு விட்டுட்டோம். பாட்டு வந்தது அதுக்கு முந்துன கிறிஸ்மஸுக்கு."

அண்ணன் இறந்தது அதற்கடுத்த பங்குனி.

அவர் தேவாலயத்து மாத இதழ்கள் இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒன்று கிறிஸ்துமஸ் இதழ்: சிடி வெளியீட்டுச் செய்தி, நாலு பேர் நிற்கும் படத்தோடு. இன்னொன்று அடுத்த ஆண்டு இதழ்: நினைவுக் கூட்டம் நடந்தது, இப்பாடல் பாடப்பட்டது, மறைந்த தொழிலாளிக்காகவே இது இயற்றப்பட்டதாகப் பேச்சாளர் குறிப்பிட்டார் என்று இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அந்த இரண்டு இதழ்களும் இருந்தன. மதிப்பாய்வாளர் கேட்டது சான்று. சான்று கிடைத்துவிட்டது. இரண்டாவது இதழை மட்டும் காட்டினால் போதும். ஆண்டுக்குச் சிடி அட்டை இருக்கவே இருக்கிறது. ஒரு பொய்கூட நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரை தேறும், நட்சத்திரம் வரும், திதிக்குப் பிள்ளை வாசிப்பாள். முதல் இதழைப் பரணில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள், இதை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பேன்?

மறுநாள் அட்டையை ஃபோர்மேன் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மயிலுலே இது."

"வருஷத்தப் பாருங்க அண்ணாச்சி."

"சரியாத்தானலே இருக்கு. அடுத்த வருஷம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். "ஏன்லே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒன்னுமில்ல" என்றேன்.

எதையும் பதிவதற்கு முன்னால் மதினியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். திதி நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை விட்டதும் நாரணாபுரத்துக்குப் போனேன். மதினி பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"வாங்க கொழுந்தனாரே. என்ன, திதிக்கு முன்னக்கூட்டியே வந்துட்டீக? வடை இன்னும் சுடல."

நான் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அட்டை, மயில், கிறிஸ்துமஸ் இதழ் என்று போய்க்கொண்டே இருந்தேன். மதினி விரல் பசையை உரித்துக்கொண்டே கேட்டார்கள்.

"இப்ப என்ன சொல்ல வாரீக?"

"பாட்டு அண்ணனுக்காக எழுதுனது இல்ல மதினி. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு."

"யாரு சொன்னா?"

"பாடுனவரே."

"அன்னைக்கு அந்த ஆளு மேடையில நின்னுக்கிட்டு ஏன் சொல்லல?"

"உங்களப் பாத்துட்டு அவருக்குச் சொல்ல மனசு வரல."

மதினி கட்டைவிரல் பசையையும் உரித்து முடித்தார்கள். பிறகு, "அவருக்கு வராத மனசு உங்களுக்கு வந்துருச்சு" என்றார்கள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அந்த வரிய எடுத்துட்டா உங்களுக்கு என்ன குடுப்பாக?"

"ஒன்னும் குடுக்க மாட்டாக. கட்டுரைக்கு ஒரு ஸ்டாரு போடுவாக."

"ஸ்டாரா." பசையைச் சுருட்டி வாசலில் போட்டார்கள். "ஒம்பதாங் கிளாசுல விட்டுப்போன பரிச்சைய இப்ப எழுதுறீகளாக்கும். எங்க வீட்டு ஆள வச்சா எழுதணும்? போங்க, போய் நல்லா எழுதுங்க."

உள்ளே போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காப்பி கொடுக்காமல் மதினி எழுந்துபோய் நான் பார்த்ததில்லை.

நான் மதிப்பாய்வுப் பக்கத்தில் எழுதினேன்: "அந்தத் தொழிலாளி என் உடன்பிறந்த அண்ணன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சான்றுகள் கிடைத்துள்ளன. எப்படிச் செய்வது என்று தெரியவில்லை." பதிந்த பிறகு, ஏன் பதிந்தோம் என்று பயம். கட்டுரையையே தூக்கிவிடுவார்களோ, என் கணக்கை முடக்குவார்களோ என்று நினைத்து நினைத்துப் போனை அணைத்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பதில் இருந்தது. "வருந்துகிறேன். அந்தப் பத்தியை நீங்கள் தொட வேண்டாம். கிடைத்த சான்றுகளை இங்கே வையுங்கள். நான் எழுதுகிறேன்."

கத்தி என் கையில் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் தாளை வைப்பது நான்தானே. எந்தத் தாளை வைப்பது? காய்ந்த சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி சொன்னது சரிதானோ என்று யோசித்தேன். நட்சத்திரத்துக்காகவா? இல்லை. நட்சத்திரம் வேண்டுமென்றால் இரண்டாவது இதழ் மட்டும் போதுமே. பிள்ளை ஒவ்வொரு வருடமும் அந்த வரியை வாசிக்கும்போது, எனக்குத் தெரியும் என்பதைத் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வடை தின்ன வேண்டுமே, அது என்னால் முடியாது. அவ்வளவுதான் காரணம். இரண்டு இதழ்களின் பக்கங்களையும் வைத்தேன். அட்டையில் அடுத்த ஆண்டு அச்சாகியிருக்கிறது என்ற குறிப்பையும், பாடியவர் சொன்ன டிரம்முக்காரன் கதையையும் எழுதினேன். அதற்கு அவர், சொந்த அனுபவம் சான்றாகாது, ஆனால் கிறிஸ்துமஸ் இதழே போதும் என்றார். மயில் நீலம் கட்டுரைக்குள் வரவில்லை.

அன்று சாயங்காலம் வரி மாறியிருந்தது. பாட்டு கிறிஸ்துமஸுக்கு வெளியானது. அடுத்த ஆண்டு, பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தொழிலாளிக்கான நினைவுக் கூட்டத்தில் பாடப்பட்டது. அதன்பின் அவருக்காகவே இயற்றப்பட்டது என்ற நம்பிக்கை வட்டாரத்தில் பரவியது. பாடியவர்கள் அதற்கு முன்பே இயற்றியிருந்தனர். மேலே இருந்த மஞ்சள் பட்டை இல்லை. மூலையில் நட்சத்திரம் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திதிக்குப் போவதா வேண்டாமா என்று ஒரே குழப்பம். போகாவிட்டால் ஊர் பேசும். போனால் மதினி பேச மாட்டார்கள். போனேன். மதினி, "வாங்க" என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. படையல் முடிந்தது. இலை போட்டார்கள். பிள்ளை போனை எடுத்தபோது நான் இலையை நேராக்கிக்கொண்டிருந்தேன். அவளிடம் மதினி ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் போல. மெதுவாகத்தான் வாசித்தாள். எப்போதும்போல் அந்த ஒரு வரியோடு நிறுத்தாமல், கட்டுரை முழுவதையும் வாசித்தாள். முதல் சரணத்தில் டிரம் இல்லை என்பதையும், பெரியவர்கள் முகம் சுளித்ததையும், கடைசியாக அந்தப் பத்தியையும் வாசித்தாள்.

மதினி பாயசக் கரண்டியோடு நின்றார்கள்.

"முந்துன கிறிஸ்மஸுக்கே வந்துருச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஆமா மதினி."

"அப்ப அவுக இருந்தாகள்ல."

எனக்கு உடனே புரியவில்லை.

"மார்கழி, தை, மாசி. பங்குனி வரைக்கும் இருந்தாகளே. ஆபீஸ் வண்டி டிரைவரு சாத்தூர்க்காரரு. காலையில வண்டி வரும்போதே பாட்டு டமார் டமார்னு தெருவு அதிரும். என்ன பாட்டோ, யாரு கண்டா. நானே திட்டிருக்கேன், பிள்ள தூங்குது, சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்கன்னு." மதினி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்கள். "அவுக கேட்டிருப்பாகள்ல?"

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. "கேட்டிருக்கலாம் மதினி" என்றேன்.

"கேட்டிருக்கலாம்" என்று மதினி தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தன் நினைவாக எழுதிய பாட்டை எந்த மனுசன் கேட்டிருக்க முடியும். இதையென்றால் அண்ணன் வண்டியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், தாளம்கூடப் போட்டிருக்கலாம். அவர்கள் அதைத்தான் நினைத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

"சித்தப்பா, இத அதுல போடலாமா?" என்றாள் பிள்ளை.

"போட முடியாதும்மா. சான்று கேப்பாக."

"போட வேண்டாம்" என்றார்கள் மதினி. "எல்லாத்தையும் அதுல போட்டு என்னத்துக்கு. நீ பாட்டப் போடு."

போனைச் சொம்புக்குள் நிறுத்தி வைத்தாள், சத்தம் கூடுதலாகக் கேட்கும் என்று. கிதார் கரகரவென்று ஆரம்பித்தது. அந்தப் பையன் குரல் வந்தது. இப்போது ரேடியோ செட் வைத்திருக்கிற ஆளின் பழைய குரல். மதினி என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாயசம் ஊற்றினார்கள்.

"அந்த டிரம்முக்காரன் எந்த ஊருன்னீக?"

டிரம்முக்காரனைப் பற்றி நான் மதினியிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று சொல்லும் முன்பே எழுந்துபோய்விட்டார்கள். யாரோ லேட்டாக வந்தான் என்பதைக்கூட நான் சொல்லவில்லை. மதிப்பாய்வுப் பக்கத்தில்தான் அதை எழுதியிருந்தேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"மல்லாங்கிணறு" என்றேன்.

முதல் சரணம் முடிந்தது. மதினி ஒரு விரலைத் தூக்கினார்கள், பொறுங்கள் என்பதுபோல. கிதார் தனியாக ஒரு சுற்று போய்வந்தது. பிறகு டிரம் வந்து விழுந்தது.

"வந்துட்டான்" என்றார்கள் மதினி. "சாப்பிடுங்க. ஆறுது."